இரண்டாவது பில் யாருக்கு?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பி.காம் மூன்றாம் வருடம். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாதவள் ஆபரேஷனைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். மார்பக அறுவை சிகிச்சை என்று பார்த்ததுமே நெளிகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த ஸ்டாப்பிங் ரொம்ப தூரம்.

விஷயம் இதுதான். என் பெரியம்மா பெண்ணுக்கு 31 வயது, இரண்டு குழந்தைகள். ஒரு வியாழக்கிழமை ராத்திரி போன். "கண்ணு, சனிக்கிழமை காலேஜ் லீவுதானே? ஒரு எடத்துக்குக் கூட வரணும். அம்மாகிட்ட சொல்லிராத" என்றாள். என்னமோ ஏதோ என்று போனால், கோவையில் ஒரு காஸ்மெடிக் சர்ஜரி கிளினிக். இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடித்த பிறகு உடம்பு முன்போல இல்லை, இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஏசி ஹால், ஃபில்டர் காபி, பேசுவதற்கு ஒரு 'கவுன்சிலர்'. டாக்டரைப் பார்க்கும் முன்னால் கொட்டேஷனைப் பார்த்துவிட்டோம். 1,90,000 ரூபாய், எல்லாம் சேர்த்து. பன்னிரண்டு மாத வட்டியில்லா இஎம்ஐ. "லைஃப்டைம் வாரண்டி மேடம். ஒரே தடவை செலவு. அப்புறம் வாழ்க்கை பூரா கவலையே இல்ல."

நான் சும்மா இருந்திருக்கலாம். காஸ்டிங் பேப்பர் படிக்கிற திமிர், வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, பத்து வருசம் கழிச்சு மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா அப்ப எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "அதெல்லாம் ரொம்ப ரேர் மேடம்."

அந்த 'ரேர்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு பெரிய கட்டுரை.

அமெரிக்காவில் இந்த இம்ப்ளாண்ட்களை விற்க அனுமதி வாங்குவதற்காகக் கம்பெனிகளே நடத்திய பத்து வருட ஆய்வுகள் இருக்கின்றன. எதிரிகள் செய்த ஆய்வு இல்லை, அவர்களுடையதேதான். ஆலர்கன் கம்பெனியின் ஆய்வில், முதல் முறையாக அழகுக்காக வைத்துக்கொண்ட பெண்களில் பத்து வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் டேபிளில் படுத்தவர்கள் 36.1 சதவீதம். மென்டார் கம்பெனியின் ஆய்வில் 25.5 சதவீதம். மூன்றில் ஒருவர், அல்லது நான்கில் ஒருவர். எங்கள் வகுப்பில் அரியர் வைக்காதவர்களைத்தான் ரேர் என்று சொல்வோம், இதை எப்படிச் சொல்வது? எஃப்.டி.ஏ. (அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அனுமதி கொடுக்கும் அமைப்பு) வெளிப்படையாகவே சொல்லிவிட்டது, இவை ஆயுள் முழுக்க இருக்கும் பொருட்கள் அல்ல என்று. செய்கிறவன் ஒத்துக்கொண்ட விஷயத்தை விற்கிறவன் மறைக்கிறான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "இருக்கிற உடம்பு போதாதா, கடவுள் கொடுத்ததைப் போய்..." என்று ஆரம்பிக்கும் மாமாக்களோடு எனக்குக் கூட்டணி கிடையாது. தலைக்கு டை அடிப்பவர், பல்லுக்குக் கம்பி போட்டவர், தொப்பைக்கு பெல்ட் கட்டியவர் எல்லாம் ஒரு பெண் தன் காசில் தன் உடம்புக்கு ஒன்று செய்துகொள்ளப் போகும்போது மட்டும் தத்துவம் பேசக் கூடாது. அக்கா ஆசைப்பட்டது தப்பே இல்லை. என் சண்டை விற்கிற முறையோடு. இந்தப் பொருளுக்கு இரண்டாவது பில் ஒன்று உண்டு. தயாரித்தவன், சான்றிதழ் கொடுத்தவன், இன்ஷூரன்ஸ் போட்டவன், கிளினிக் நடத்துகிறவன் எல்லோரும் வரிசையாக நின்று அந்தப் பில்லைக் கை மாற்றி மாற்றிக் கடைசியில் அந்தப் பெண் மடியில் போடுகிறார்கள். முதல் பில் போடும்போது இரண்டாவதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எங்கள் பாடத்தில் இதற்கு 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று பெயர். கட்டாயம் நோட் போட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். (அக்காவுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.)

இம்ப்ளாண்ட் என்பது சிலிகான் உறை போட்ட ஒரு பை. உள்ளே சிலிகான் ஜெல், அல்லது உப்புநீர். அதை வைக்க ஒரு வெட்டு வேண்டும். மார்புக்குக் கீழ் மடிப்பில் வெட்டலாம், முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டலாம், அக்குள் வழியாகவும் போகலாம். மடிப்பில் வெட்டினால் தழும்பு அங்கே தெரியும், ஆனால் சர்ஜனுக்கு உள்ளே நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். கருவட்டத்தில் வெட்டினால் தழும்பு மறைந்துபோகும், ஆனால் பால் சுரக்கும் குழாய்களை வெட்டிக்கொண்டு போவதால் அங்கிருக்கும் கிருமி இம்ப்ளாண்டில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம், தொட்டுணர்வு குறையவும் வாய்ப்பு உண்டு. அக்குளில் வெட்டினால் மார்பில் தழும்பே இல்லை, ஆனால் பின்னால் திருத்த வேண்டி வந்தால் பெரும்பாலும் வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும்.

அடுத்து, பையை எங்கே வைப்பது? பால் சுரப்பிக்கு அடியில், மார்புத் தசைக்கு மேலே வைத்தால் வலி குறைவு, ஆனால் ஒல்லியானவர்களுக்குப் பையின் விளிம்பு தோலில் வரி வரியாகத் தெரியும். தசைக்கு அடியில் வைத்தால் அது மறையும், இறுக்கமாகிப்போகும் தொல்லையும் குறையும். ஆனால் தசை சுருங்கும்போதெல்லாம் மார்பும் சேர்ந்து அசையும், பளு தூக்குகிறவர்களுக்கு இது பெரிய அவஸ்தை. இரண்டுக்கும் நடுவில் 'டூயல் பிளேன்' என்று ஒரு முறை. மேல் பாதி தசைக்கு அடியில், கீழ்ப் பாதி சுரப்பிக்கு அடியில். இன்றைக்கு நிறைய சர்ஜன்கள் விரும்புவது இதைத்தான்.

எதிலும் முழு லாபம் கிடையாது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். நல்ல சர்ஜன் இதை உட்கார வைத்துச் சொல்வார், படம் போட்டுக் காட்டுவார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குக் காட்டப்பட்டதோ டேப்லெட்டில் 'முன்', 'பின்' போட்டோக்கள். 'பின்' என்றால் எத்தனை மாதத்துக்குப் பின் என்று எதிலும் போடவில்லை.

உடம்புக்குள் வெளிப்பொருள் எது போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புச் சுவர் கட்டும். இது எல்லோருக்கும் நடக்கும், நோய் இல்லை. அதற்குக் கேப்சூல் என்று பெயர். சிலருக்கு அந்தச் சுவர் சுருங்கிப் பையை நெரிக்க ஆரம்பிக்கும். அதுதான் கேப்சுலர் கான்ட்ராக்சர். பேக்கர் என்ற சர்ஜன் பெயரில் நான்கு கிரேடு வைத்திருக்கிறார்கள். முதல் கிரேடு இயல்பாக இருக்கும். இரண்டாவதில் தொட்டால் கொஞ்சம் கெட்டி. மூன்றாவதில் பார்த்தாலே உருவம் மாறியது தெரியும். நான்காவதில் கல் மாதிரி இறுகி வலிக்கும். மேலே சொன்ன ஆலர்கன் ஆய்வில் மூன்றாவது, நான்காவது கிரேடுக்குப் போனவர்கள் பத்து வருடத்தில் 18.9 சதவீதம். இதற்கு மருந்தைவிட மறு ஆபரேஷன்தான் பெரும்பாலும் வழி. சுவரைக் கீறி விட வேண்டும், அல்லது சுவரோடு சேர்த்து எடுக்க வேண்டும். அப்படித் திருத்திக்கொண்டவர்களுக்கு மறுபடியும் வருகிற வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம். இரண்டாவது பில்லுக்குப் பின்னால் மூன்றாவது பில்லும் கியூவில் நிற்கிறது.

ஏன் சுருங்குகிறது? பையின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் கிருமிப் படலம் ஒட்டுவது முக்கியக் காரணம் என்கிறார்கள். அதனால்தான் கவனமான சர்ஜன்கள் பையைக் கையால் தொடாமல் ஒரு புனல் வழியாக உள்ளே தள்ளுகிறார்கள், உள்ளே கிருமிநாசினியால் கழுவுகிறார்கள், கையுறை மாற்றுகிறார்கள். சின்னச் சின்ன வேலைகள். எந்த விளம்பரத்திலும் வராது.

அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். சுவர் சுருங்குவதைத் தடுக்க ஒரு யோசனை வந்தது. பையின் மேல்பரப்பை வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாகச் செய்தால் திசு அதில் பிடித்துக்கொள்ளும், சுவர் ஒரே சீராகச் சுருங்காது. நல்ல யோசனைதான். இதையே பெரிதாக விளம்பரப்படுத்தி விற்றார்கள். 1997ல் ஒரு மருத்துவ இதழில் ஒரு கேஸ் வந்தது. இம்ப்ளாண்டைச் சுற்றிய சுவரில் லிம்போமா. இது மார்பகப் புற்றுநோய் இல்லை, நோய் எதிர்ப்பு செல்களில் வருகிற புற்றுநோய். 2011ல் எஃப்.டி.ஏ. சந்தேகத்தை வெளியில் சொன்னது. 2016ல் உலக சுகாதார அமைப்பு தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. வந்த பெண்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சொரசொரப்பான இம்ப்ளாண்டை ஏதோ ஒரு காலத்தில் வைத்திருந்தவர்கள். ஜூலை 2019ல் எஃப்.டி.ஏ. கணக்கில் உலகம் முழுக்க 573 கேஸ்கள், 33 சாவுகள். அந்த 573ல் 481 ஆலர்கன் இம்ப்ளாண்ட். பிரான்ஸ் ஏப்ரல் 2019லேயே தடை செய்துவிட்டது. எஃப்.டி.ஏ. கேட்ட பிறகு ஜூலையில் ஆலர்கன் தன் 'பயோசெல்' வகையை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கானோர் வைத்திருந்ததில் இது சின்ன எண்தான். இம்ப்ளாண்டையும் சுவரையும் சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். இந்த ஒன்றுக்கு 'ரேர்' என்ற சொல் சரி. ஆனால் 'திரும்ப அழைத்தது' என்றால் என்ன? கார் கம்பெனி ரீகால் செய்தால் வண்டியை விட்டுவிட்டு வருகிறோம், பார்ட்டும் இலவசம், மெக்கானிக் கூலியும் இலவசம். இங்கே ரீகால் என்றால் கடை ஷெல்ஃபில் இருப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்வது. உடம்பில் இருப்பது உடம்பிலேயே. அறிகுறி இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. சொன்னது, அதில் மருத்துவக் காரணம் இருக்கிறது, ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டே. ஆனால் பயந்துபோய் எடுத்துக்கொள்ள நினைத்தவளுக்கு? வழவழப்பான புது இம்ப்ளாண்ட் இலவசம். ஆபரேஷன் செலவு அவளுடையது. பார்ட் ஃப்ரீ, கூலி உன்னுது!

அக்காவிடம் கொடுத்த வாரண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே கதை. பை கிழிந்தால் பை இலவசம். சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து எதுவும் சேராது. 1,90,000ல் பையின் விலை பாதிகூட இல்லை. லைஃப்டைம் வாரண்டியாம்.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். ஆடிட்டிங் பேப்பர் படித்த எவருக்கும் 1896ம் வருடத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு தெரியும். மில் மேனேஜர் சரக்கிருப்பை ஊதிக் காட்டினார், அவர் கொடுத்த சான்றிதழை ஆடிட்டர்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். நீதிபதி லோப்ஸ் தீர்ப்பில் சொன்னார்: ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல. இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். இந்த நாய்க் கதைக்கும் ஒரு பெண்ணின் மார்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தெரியாது.

பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் லா சேய்ன் சுர் மெர் என்று ஓர் ஊர். அங்கே ழான் குளோத் மாஸ் என்பவர் 1991ல் பி.ஐ.பி. என்ற இம்ப்ளாண்ட் கம்பெனி தொடங்கினார். டாக்டர் இல்லை, விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். ஐரோப்பாவில் விற்க சி.இ. முத்திரை வேண்டும், அதற்குத் தரக் கட்டுப்பாட்டை ஆய்வு செய்து சான்று கொடுத்தது ஜெர்மனியின் டியூவ் ரைன்லாண்ட். மாஸ் என்ன செய்தார்? அனுமதி வாங்கிய மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளுக்கான மலிவு சிலிகானை வாங்கித் தானே ஜெல் தயாரித்துப் பெரும்பாலான பைகளில் ஊற்றினார். விலை கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. பிடிபட்ட பிறகு போலீஸில் தெரிந்தேதான் செய்தேன், மலிவு என்பதால் செய்தேன் என்று ஒத்துக்கொண்டார். சான்றிதழ்க்காரர்களிடம் மறைக்கச் சொல்லி ஊழியர்களுக்கு உத்தரவே போட்டிருந்தார்.

மறைப்பது கஷ்டமாகவும் இல்லை. ஆய்வாளர்கள் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருவார்கள். வருவதற்குள் டிரம்களை அப்புறப்படுத்தினால் போதும். பள்ளிக்கூடத்தில் டி.இ.ஓ. வருகிறார் என்றால் முதல் நாளே தரையைக் கழுவிக் கோலம் போட்டு, சுமாராகப் படிக்கிற பையன்களைப் பின் பெஞ்சுக்குத் தள்ளுவார்களே, அதே டெக்னிக். இத்தனைக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. 2000ம் வருடமே அந்தத் தொழிற்சாலைக்குப் போய், உப்புநீர் இம்ப்ளாண்ட் தயாரிப்பில் இருந்த குறைகளை அடுக்கி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. பைகள் அளவுக்கு மீறிக் கிழிகின்றன என்று பிரெஞ்சு சர்ஜன்கள் சிலர் சத்தம் போட்ட பிறகு, மார்ச் 2010ல் அரசு ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். கம்பெனி மூடப்பட்டது. அதற்குள் 65 நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களின் உடம்பில் அந்தப் பை ஏறியிருந்தது. பிரிட்டனில் நடந்த ஆய்வு, அந்த ஜெல் விஷம் இல்லை, ஆனால் கிழிகிற வேகம் மற்ற கம்பெனிப் பைகளைப்போல இரண்டு மடங்கு என்றது. டிசம்பர் 2011ல் பிரான்ஸ் அரசு தன் நாட்டுப் பெண்கள் 30,000 பேரிடம் எடுத்துவிடுங்கள் என்று சொன்னது.

ஜெர்மனியில் 2008ல் அந்தப் பையை வைத்துக்கொண்டு 2012ல் எடுத்த ஒரு பெண், 40,000 யூரோ நஷ்டஈடு கேட்டு டியூவ் மேல் வழக்குப் போட்டார். அவர் வாதத்தைப் படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. வாங்கிய ரசீதையும் டெலிவரி நோட்டையும் பார்த்திருந்தாலே போதும், அனுமதி பெற்ற சிலிகான் வாங்கப்படவில்லை என்பது தெரிந்திருக்கும் என்றார். அவ்வளவுதான்! மைக்ராஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம். எத்தனை பை விற்றாய், அதற்கு எத்தனை லிட்டர் ஜெல் வேண்டும், எத்தனை லிட்டர் வாங்கினாய்? வவுச்சிங். முதல் வருட மாணவி செய்வாள்.

பிப்ரவரி 2017ல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சான்று தரும் அமைப்புக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கும் பொதுவான கடமை கிடையாது, பொருளைச் சோதிக்கும் கடமை கிடையாது, வியாபாரக் கணக்குகளைப் பார்க்கும் கடமையும் கிடையாது. சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் நடவடிக்கை எடுத்தால் போதும். 121 வருடம் கழித்து அதே காவல் நாய். வீட்டுக்காரன் தேதி சொல்லித் திருடனுக்கு அழைப்பிதழ் வைத்தால் காவல் நாய்தான் என்ன செய்யும், பாவம்.

பிரான்ஸில் வேறு கூத்து. மாஸின் கிரிமினல் வழக்கில் டியூவ் ஏமாற்றப்பட்ட தரப்பு. மாஸுக்கு டிசம்பர் 2013ல் நான்கு வருட சிறைத் தண்டனையும் 75,000 யூரோ அபராதமும். அவர் 2019ல் இறந்துவிட்டார். சிவில் வழக்கில் துலோன் கோர்ட் 2013ல் டியூவ் பொறுப்பு என்று சொல்லி ஆளுக்கு 3,000 யூரோ இடைக்கால நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2015ல் மேல்கோர்ட் அதை ரத்து செய்தது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை. 2018ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி புரட்டியது. மே 2021ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் டியூவின் அலட்சியத்தை உறுதி செய்தது. தொழிற்சாலை மூடி 11 வருடம். கோர்ட்டுக்கு அவசரம் இல்லை, கிழிந்த பைக்கு இருந்தது.

இன்ஷூரன்ஸ் இருந்திருக்குமே என்பீர்கள். இருந்தது. பி.ஐ.பி.க்கு அலியான்ஸ் பாலிசி. ஆனால் பிரெஞ்சு எல்லைக்குள் நடந்த பாதிப்புக்கு மட்டும். 65 நாட்டுக்குச் சரக்கு போகலாம், பாலிசி எல்லை தாண்டாது. அந்த நிபந்தனை ஐரோப்பிய சட்டப்படி செல்லாது என்று கேட்டுப் போனவர்களுக்கு ஜூன் 2020ல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பதில், இதில் எங்கள் சட்டம் தலையிடாது. பிரிட்டனிலோ, வைத்துவிட்ட தனியார் கிளினிக்குகளில் சில கைவிரித்தன, சில மூடிவிட்டன. கைவிடப்பட்டவர்களுக்கு இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை பையை எடுத்துக் கொடுத்தது, புதிதாக வைக்க மறுத்தது. சுற்றிச் சுற்றி வந்து பில் யார் மடியில் விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு விதி மாறியது உண்மை. 2021 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய விதியில் முன்னறிவிப்பில்லாத ஆய்வு கட்டாயம். எத்தனை முறை? குறைந்தது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ஓஹோ.

"அதெல்லாம் ஒரு திருடன் கதை, நல்ல கம்பெனிகள் அப்படியா" என்று ஒரு கட்சி உண்டு. நல்ல கம்பெனிகளின் கதையும் சுருக்கமாக. முதல் சிலிகான் இம்ப்ளாண்ட் 1962ல் டெக்ஸாஸின் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்கு முறையான சட்டம் வந்தது 1976ல். ஏற்கெனவே விற்பனையில் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று இம்ப்ளாண்டை விட்டுவிட்டார்கள். பாதுகாப்பு ஆதாரம் எங்கே என்று எஃப்.டி.ஏ. கறாராகக் கேட்டு, அழகுக்காக சிலிகான் ஜெல் வைப்பதை நிறுத்தியது 1992ல். முப்பது வருடம்! டௌ கார்னிங் கம்பெனி வழக்குகள் தாங்காமல் 1995ல் திவால் மனு கொடுத்தது. 1999ல் அமெரிக்க மருத்துவக் கழகம் அறிக்கை கொடுத்தது. வாதம், மற்ற உடல் முழுக்க வரும் நோய்கள் இம்ப்ளாண்டால் வருகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. கம்பெனி ஆதரவாளர்கள் இன்றைக்கும் இந்த வரியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. கிழிவது, சுருங்குவது, மறு ஆபரேஷன், இந்த உள்ளூர்ச் சிக்கல்கள்தான் முக்கியப் பிரச்சினை, இவை அடிக்கடி வருகின்றன. கொலைக் கேஸில் விடுதலை ஆனதால் திருட்டுக் கேஸும் தள்ளுபடி என்பது போல இரண்டாவது பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

2006ல் மறுபடி அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து விவரம் கொடுக்க வேண்டும். 2011ல் எஃப்.டி.ஏ. பார்த்தபோது, மென்டாரிடம் மூன்றாவது வருட விவரம் இருந்தது 21 சதவீதப் பெண்களுக்கு மட்டும். எங்கள் காலேஜில் 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் ஹால் டிக்கெட்டே கிடையாது.

அந்தப் பை கிழிந்தால் தெரியும்தானே என்று அக்கா கேட்டாள். சிலிகான் ஜெல் கிழிந்தால் பெரும்பாலும் தெரியாது. உருவம் மாறாது, வலிக்காது. அதனால்தான் வைத்த ஐந்து ஆறு வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று 2020ல் எஃப்.டி.ஏ. சொன்னது. 31 வயதில் வைத்தால் 60 வயதுக்குள் எத்தனை ஸ்கேன்? கொட்டேஷனில் ஒரு வரி இல்லை. அக்டோபர் 2021 முதல் அமெரிக்காவில் இம்ப்ளாண்ட் விற்க வேண்டுமென்றால், ஆபத்துகளை ஒவ்வொன்றாக எழுதிய பட்டியலை டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே அச்சடித்துக் கொடுக்கிற காகிதத்தை இங்கே காபி கொடுத்து மறக்கடிக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். அழகு சிகிச்சைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மற்ற மருத்துவச் சேவைக்கு இல்லை. அதாவது வரி போடும்போது இது சிகிச்சை அல்ல, சாதாரண சேவை. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திறந்தால் பொது விலக்குகளில் காஸ்மெடிக் சர்ஜரி ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு என்றால்தான் உண்டு. (அந்தச் சீரமைப்பு வேறு உலகம், இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.) பத்து வருடம் கழித்துக் கல் மாதிரி இறுகிப் போனால் அது நோயா, அழகா? க்ளெய்ம் அனுப்பிவிட்டு வாதாட வேண்டியதுதான்.

பிப்ரவரி 2018ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சையை இலவசமாகத் தொடங்கினார்கள். மக்கள் வரிப்பணத்தில் அழகா என்று ஒரே சண்டை. பணக்காரிக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று பதில். இரண்டு பக்கத்தையும் படித்தேன். பத்தாவது வருடம் யார் பார்ப்பது என்ற கேள்வி என் கண்ணில் படவே இல்லை. யோசித்துப் பார்த்தால், அதற்குப் பதில் ஸ்டான்லியிடமாவது இருக்கிறது. பத்து வருடம் கழித்துப் போனாலும் அந்தக் கட்டிடம் அங்கேயே இருக்கும், ஓ.பி. சீட்டு போடலாம். ஏசி ஹால் கிளினிக் இருக்குமா? அவர்கள் வாடகை ஒப்பந்தமே எத்தனை வருடத்துக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, அக்கா கையைக் கிள்ளிவிட்டாள்.

வைத்துக்கொண்ட நிறையப் பேர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எந்த ஆபரேஷனிலும் சிக்கல் உண்டு, இதய வால்வில் இல்லையா என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இதய வால்வை யாரும் "ஒரே தடவை செலவு, வாழ்க்கை பூரா கவலையில்லை" என்று பன்னிரண்டு மாத இஎம்ஐயில் விற்பதில்லை. கொட்டேஷனில் இரண்டாவது பக்கம் ஒன்று வையுங்கள். பத்து வருடத்தில் மறு ஆபரேஷனுக்கு வாய்ப்பு இத்தனை சதவீதம், இன்றைய விலையில் அதற்கு இத்தனை ரூபாய், ஸ்கேனுக்கு இத்தனை, வேண்டாமென்று எடுக்க இத்தனை, வாரண்டி தருவது இது, தராதது இது. அதைப் படித்துவிட்டு ஒருத்தி கையெழுத்துப் போட்டால் அது அவள் முடிவு. நானே கூடப் போய்த் துணைக்கு உட்காருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து அக்காவும் நானும் ஒரு ரூல்டு பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்டோம். முதல் பில் 1,90,000. இரண்டாவது பில் எதிரே எழுத எங்களிடம் எண் இல்லை. திங்கட்கிழமை அக்கா கிளினிக்குக்குப் போன் போட்டு, மாற்றி வைக்கவும் எடுக்கவும் தனித்தனியாக எவ்வளவு என்று எழுத்தில் கேட்டாள். "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு கூப்பிடறோம் மேடம்" என்றார்களாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கூப்பிடவில்லை. இந்த மாதம் புக் செய்தால் பத்து சதவீதத் தள்ளுபடி என்று மட்டும் இரண்டு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது.